ஷா அப்பாஸின் தலைநகரம் யாரைப் பார்த்துக் கட்டப்பட்டது?

ஈரானை 1501 முதல் 1722 வரை ஆண்ட சஃபாவி வம்சத்தார் தங்கள் தலைநகரை இரண்டு முறை இடம் மாற்றினார்கள். தப்ரீஸில் தொடங்கி, கஸ்வீனுக்கு நகர்ந்து, கடைசியில் இஸ்ஃபஹானில் நிலைகொண்டார்கள். வரலாற்றுச் சுருக்கங்கள் பெரும்பாலும் இதற்கு ஒரே காரணத்தைத்தான் சொல்கின்றன. மேற்கே இருந்த உதுமானியரின் படை எட்டாத தொலைவுக்கு ஷாக்கள் பின்வாங்கிக்கொண்டே போனார்கள் என்பது அது. முதல் மாற்றத்துக்கு இந்த விளக்கம் பொருந்தும். இரண்டாவதற்கு இது போதாது. 1598-ஐ ஒட்டி இஸ்ஃபஹானைத் தலைநகராக்கிய முதலாம் ஷா அப்பாஸ், எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேரக்கூடிய ஓர் இடத்தைத் தேடினார். அங்கே அவர் எழுப்பிய சதுக்கம், பாலம், புறநகர், அரண்மனை வாசல் எல்லாவற்றிலும் அயல்நாட்டார் பார்வையை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடுகள் உண்டு. ஒரு தலைநகரம் எங்கே நிற்கிறது, அதில் யாரைக் குடியமர்த்துகிறார்கள் என்பதைப் பார்த்தாலே அந்த அரசின் வெளியுறவுக் கொள்கை பாதி விளங்கிவிடும் என்று நான் கருதுகிறேன். இஸ்ஃபஹானின் எழுச்சியும் வீழ்ச்சியும் இதற்குச் சான்று.

தப்ரீஸிலிருந்து தொடங்குவோம். முதல் ஷாவான இஸ்மாயில் 1501-ல் முடிசூடியது அங்கேதான். வணிகமும் ஓவியமும் செழித்த நகரம். ஆனால், அது நாட்டின் வடமேற்கு மூலையில், உதுமானிய எல்லைக்கு எதிரிலேயே இருந்தது. 1514-ல் சால்திரான் போரில் இஸ்மாயிலைத் தோற்கடித்த சுல்தான் சலீம், அடுத்த சில நாள்களில் தப்ரீஸுக்குள் நுழைந்தார். அங்கே அதிக நாள் தங்கவில்லை. ஆனால், நகரின் தேர்ந்த கைவினைஞர்களை இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோனார். அவருடைய மகன் சுலைமான் காலத்திலும் உதுமானியப் படை 1534-லும் 1548-லும் தப்ரீஸை எட்டியது. இப்படியொரு நகரில் உட்கார்ந்திருக்கும் அரசுக்கு ஒரே ஓர் அண்டை நாடுதான் கண்ணில் படும். அந்த நாட்டோடு போர் செய்யலாம், அல்லது போருக்குப் பயந்திருக்கலாம். மற்றவர்களோடு பேச நேரமும் இருக்காது, வழியும் இருக்காது. இரண்டாவது ஷாவான தஹ்மாஸ்ப் கிழக்கே கஸ்வீனுக்கு மாறியதற்குத் தற்காப்புதான் காரணம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 1555-ல் அமாஸியாவில் உதுமானியரோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கை அந்தத் தற்காப்பின் மறுபாதி.

கஸ்வீன் காலத்துத் தூதரக நடைமுறை எப்படி இருந்தது என்பதற்கு ஓர் அருமையான சாட்சி உண்டு. 1562-ல் ஆங்கில வணிகர் அந்தோனி ஜென்கின்சன், ராணி எலிசபெத்தின் கடிதத்தோடு ரஷ்யா வழியாகக் கஸ்வீனுக்கு வந்தார். அரண்மனைக்குள் நுழையும் முன் அவருக்கு வேறு காலணி தரப்பட்டது. ஷா நடக்கும் தரையில் பிற மதத்தவரின் காலடி படக்கூடாது என்பது காரணம். கடிதம் லத்தீன், இத்தாலி, ஹீப்ரு மொழிகளில் இருந்தது. இந்த மொழிகள் தெரிந்தவர் எவரும் எங்கள் நாட்டில் இல்லை என்றார் ஷா. வந்தவர் கிறிஸ்தவர் என்று உறுதியானதும், உங்கள் நட்பு எங்களுக்குத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். ஜென்கின்சன் வெளியேறும்போது, அவர் நடந்த தடத்தில் ஒருவர் மணலைத் தூவிக்கொண்டே பின்னால் வந்தார். இதை மதப் பிடிவாதம் என்று மட்டும் படித்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். உதுமானியத் தூதர் சில நாள்களுக்கு முன்புதான் கஸ்வீன் வந்து சேர்ந்திருந்தார். அவர் கண்ணெதிரே ஒரு கிறிஸ்தவ அரசியோடு உறவு கொண்டாட தஹ்மாஸ்ப் துணியவில்லை. உதுமானிய இளவரசர் பாயசீத் 1559-ல் அடைக்கலம் தேடி வந்தபோதும் முடிவு இப்படித்தான் ஆனது. சில காலம் உபசரித்துவிட்டு, பெருந்தொகை பெற்றுக்கொண்டு, கொலையாளிகளிடம் அவரை ஒப்படைத்தார் ஷா. இருப்பிடம் மாறியிருந்ததே தவிர, பார்வை இன்னும் ஒரே பக்கம்தான் இருந்தது.

1587-ல் 16 வயதில் அரியணை ஏறிய அப்பாஸுக்குக் கிடைத்தது உடைந்துகொண்டிருந்த நாடு. தப்ரீஸ் 1585-லேயே உதுமானியர் கைக்குப் போயிருந்தது. கிழக்கே உஸ்பெக்குகள் ஹெராத்தையும் மஷ்ஹதையும் பிடித்தார்கள். தெற்கே ஹோர்முஸ் தீவு போர்ச்சுகீசியரிடம் இருந்தது. உள்நாட்டில் கிஸில்பாஷ் எனப்பட்ட துருக்மான் இனக்குழுத் தலைவர்கள் அரசரையே ஆட்டிவைத்தார்கள். அப்பாஸ் செய்த முதல் பெரிய காரியம் ஓர் அவமானத்தை ஏற்றுக்கொண்டது. 1590-ல் உதுமானியர் கேட்ட மேற்கு மாகாணங்களை, தப்ரீஸ் உட்பட, எழுதிக் கொடுத்துச் சமாதானம் வாங்கினார். அந்த அவகாசத்தில் கிழக்கே திரும்பி, 1598-ல் ஹெராத்தை மீட்டார். தலைநகர் இஸ்ஃபஹானுக்குப் போனதும் ஏறத்தாழ இதே நேரத்தில்தான். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். நாடு சுருங்கிக்கொண்டிருந்தபோது அவர் இடம் மாறவில்லை. எழத் தொடங்கியபோது மாறினார். சாயந்தே ரூத் ஆற்றின் கரையில், ஈரானியப் பீடபூமியின் நடுவே இருக்கும் இஸ்ஃபஹானிலிருந்து ஷிராஸ் வழியாக வளைகுடாவுக்கும், ஹமதான் வழியாகப் பாக்தாதுக்கும், காஷான் வழியாகக் காஸ்பியன் கரைக்கும், யஸ்த், கிர்மான் வழியாகக் கந்தஹாருக்கும் பாதைகள் பிரிந்தன. உதுமானியர், முகலாயர், உஸ்பெக்குகள், ரஷ்யர், கடல்வழி வரும் ஐரோப்பியர் எல்லோருக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்க முடிந்த ஊர் அது.

அங்கே அவர் கட்டியதைப் பாருங்கள். நக்‌ஷ்-இ ஜஹான் சதுக்கம் சுமார் 560 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம். தெற்கே பெரிய மசூதி, கிழக்கே ஷேக் லுத்ஃபுல்லா மசூதி, மேற்கே ஆலி காப்பு என்ற அரண்மனை வாசல், வடக்கே பெரிய கடைத்தெருவின் நுழைவாயில். மதம், அரசு, வணிகம் மூன்றும் ஒரே வெளியைச் சுற்றி நிற்கின்றன. கடைத்தெரு வாசலின் மேலே உஸ்பெக்குகளை அப்பாஸ் வென்ற போர் ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்தது. 1622-ல் ஹோர்முஸ் விழுந்த பிறகு, அங்கே கைப்பற்றிய போர்ச்சுகீசியப் பீரங்கிகளைக் கொண்டுவந்து ஆலி காப்பு வாசலின் இருபுறமும் வரிசையாக வைத்தார்கள். வந்த ஐரோப்பியர் பலர் அவற்றைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள், வரைந்தும் வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் ஒரு தூதரின் பரிசுப் பொருள்கள் இந்தச் சதுக்கத்தின் வழியேதான் ஊர்வலமாகத் தூக்கிச் செல்லப்படும். மாடத்திலிருந்து ஷா பார்ப்பார்; சுற்றிலும் ஊர் மக்கள் பார்ப்பார்கள்; முன்னரே வந்து தங்கியிருக்கும் மற்ற நாட்டுத் தூதர்களும் பார்ப்பார்கள். யார் எவ்வளவு கொண்டுவந்தார், யாருக்கு எவ்வளவு மரியாதை கிடைத்தது என்பது ஒரே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இந்த உத்தி அப்பாஸோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் ஷா அப்பாஸ் காலத்தில், 1647-ல் எழுந்த சிஹில் சுதூன் மாளிகையின் வரவேற்பு மண்டபச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்றில், நாடிழந்து 1544-ல் அடைக்கலம் தேடி வந்த முகலாயப் பேரரசர் ஹுமாயூனை தஹ்மாஸ்ப் உபசரிக்கிறார். இன்னொன்றில், புகாராவிலிருந்து 1611-ல் ஓடிவந்த வலீ முகமது கானை முதலாம் அப்பாஸ் விருந்தில் அமர்த்தியிருக்கிறார். டெல்லியிலிருந்தோ புகாராவிலிருந்தோ வரும் தூதர் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து விருந்துண்ண வேண்டும். உங்கள் அரசரின் முன்னோர் எங்கள் வீட்டு விருந்தாளியாக இருந்தவர் என்று யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, சுவரே சொல்லிவிடும். கந்தஹாருக்காக முகலாயரும் சஃபாவிகளும் மாறிமாறி மோதிக்கொண்டிருந்த காலத்தில் இது சாதாரண அலங்காரம் ஆகாது.

உபசரிப்பும் ஓர் அரசுத் துறையாகவே நடந்தது. எல்லைக்குள் நுழைந்ததும் தூதரோடு மிஹ்மாந்தார் என்ற அதிகாரி சேர்ந்துகொள்வார். தங்குமிடம், குதிரை, தினசரிச் சாப்பாட்டுப் படி எல்லாம் அவர் பொறுப்பு. தூதர் யாரைச் சந்திக்கிறார், எங்கே போகிறார் என்பதைக் கவனிப்பதும் அவர் வேலைதான். விருந்தோம்பலும் கண்காணிப்பும் ஒரே ஆளிடம் இருந்தன. தூதரைக் காக்கவைப்பதும் ஒரு மொழியாக இருந்தது. 1684-ல் ஸ்வீடன் தூதுக்குழுவின் செயலாளராக இஸ்ஃபஹான் வந்த எங்கெல்பெர்ட் கெம்ஃபர், மார்ச் மாதக் கடைசியில் வந்தும் ஜூலை 30 வரை ஷா சுலைமானைப் பார்க்க முடியாமல் காத்திருந்தார். கடைசியில் அழைப்பு வந்தபோது வேறு நாட்டுத் தூதர்களையும் அதே அவையில் கண்டார். இதை முகலாய அவையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ 1616-ல் ஜஹாங்கீரை அஜ்மீரில் பார்த்தார். பிறகு பேரரசரின் பாசறை போன இடத்துக்கெல்லாம், மாண்டு வரைக்கும், பின்னாலேயே அலைந்தார். பாசறை நகர நகர அரசு நகர்ந்தது. இஸ்ஃபஹானில் ஷா ஊரில் இல்லாதபோதும் தூதர் உட்கார ஒரு வீடும், பேச ஓர் அதிகாரியும், விசாரிக்க ஒரு கடைத்தெருவும் இருந்தன.

நகரில் குடியிருந்த ஆட்கள்தான் எல்லாவற்றிலும் முக்கியம். 1602-ல் போர்ச்சுகீசிய அகஸ்தீனியத் துறவிகள் இஸ்ஃபஹானில் மடம் அமைத்தார்கள். 1607 இறுதியில் போப்பாண்டவர் அனுப்பிய கார்மலைட் துறவிகள் வந்தார்கள். அகஸ்தீனியர்கள் ஸ்பெயின் மன்னரின் நிரந்தரப் பிரதிநிதிகள் போலவே செயல்பட்டார்கள். லத்தீன் வாசிக்க ஆளில்லை என்று தஹ்மாஸ்ப் சொல்லி நாற்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இப்போது ஷாவின் அரண்மனைக்கு நடந்துபோகும் தொலைவில் லத்தீனும் இத்தாலியும் தெரிந்தவர்கள் குடியிருந்தார்கள். அப்பாஸ் கிறிஸ்தவத்தின் மேல் கொண்ட அன்பால் இதைச் செய்தார் என்று துறவிகள் சிலர் நம்பினார்கள், அவர் மதம் மாறுவார் என்றும் எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை, நடக்கப்போவதும் இல்லை என்பதை அப்பாஸ் நன்கறிந்தே அவர்களை வைத்திருந்தார். உதுமானியரின் மறுபக்கத்தில் இருக்கும் அரசுகளோடு பேச அவருக்கு ஒரு வாய் தேவைப்பட்டது.

அதைவிடப் பெரிய முடிவு ஆர்மீனியரைப் பற்றியது. 1604-ல் உதுமானியப் படை முன்னேறியபோது, அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜுல்ஃபா என்ற செல்வ நகரத்தையும் சுற்று வட்டாரத்தையும் காலிசெய்து, மக்களை ஈரானுக்குள் ஓட்டிவர அப்பாஸ் ஆணையிட்டார். ஆற்றைக் கடக்கும்போதும் வழியிலும் ஏராளமானோர் மாண்டார்கள். பழைய ஜுல்ஃபா தீக்கிரையானது. இதை ராஜதந்திரச் சாமர்த்தியம் என்று பாராட்டி எழுதும் நூல்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. பிற்பாடு விளைந்த வளம் அந்தக் கொடுமையை நியாயப்படுத்திவிடாது. ஆனால், பிழைத்து வந்த ஜுல்ஃபா வணிகர்களுக்கு இஸ்ஃபஹானில் ஆற்றின் தென்கரையில் புதிய ஜுல்ஃபா என்ற குடியிருப்பை அப்பாஸ் தந்தார் என்பதும் உண்மைதான். அங்கே தேவாலயங்கள் கட்டிக்கொள்ளலாம். தங்கள் தலைவரைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். 33 வளைவுகள் கொண்ட அல்லாவெர்தி கான் பாலம் ஆற்றின் இரு கரைகளையும் இணைத்தது. 1619-ல் பட்டு ஏற்றுமதியை அப்பாஸ் அரசின் தனியுரிமையாக்கியபோது, ஆங்கிலேயரைவிட அதிக விலை கேட்டு அதை எடுத்தவர்கள் இவர்கள்தான். வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், மாஸ்கோ, மணிலா என்று அவர்கள் கணக்குப் புத்தகங்கள் விரிந்தன. 1638-ல் புதிய ஜுல்ஃபாவில் ஆர்மீனிய மொழியில் சங்கீதப் புத்தகம் அச்சானது. ஈரான் மண்ணில் அச்சான முதல் நூலாக அது கருதப்படுகிறது.

இந்த வலையின் ஒரு முனை சென்னையில் இருக்கிறது. பாரிமுனை ஆர்மீனியன் தெருவில் 1772-ல் கட்டிய தேவாலயமும், அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726-ல் பாலம் கட்டிக்கொடுத்த, பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்த கோஜா பெட்ரஸ் உஸ்கானும் புதிய ஜுல்ஃபாவின் வழித்தோன்றல்களே. உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தராரை 1794-ல் சென்னையில் நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் ஷிராஸிலிருந்து வந்தவர். ஷா சுலைமான் 1685-ல் சயாம் மன்னர் நாராயிடம் அனுப்பிய தூதுக்குழுவும் சென்னப்பட்டினத்தில் இறங்கித் தங்கிவிட்டுத்தான் போனது. குழுவின் எழுத்தர் முகமது ரபீ அந்தப் பயணத்தைப் பாரசீகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். பாதைகள் சந்திக்கும் ஊரில் தலைநகரை வைத்ததன் பலன் வங்கக் கடல்வரை வந்திருக்கிறது.

இனி, மாற்றுக் கருத்துகளைப் பார்ப்போம். இவ்வளவு தூது அனுப்பி அப்பாஸ் என்ன சாதித்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உதுமானியரை இரு பக்கமிருந்தும் தாக்க ஐரோப்பாவோடு கூட்டணி அமைக்க வேண்டும் என்ற அவர் விருப்பம் ஒருநாளும் நிறைவேறவில்லை. 1599-ல் உசேன் அலி பேக்கும் ஆங்கிலேயரான அந்தோனி ஷெர்லியும் தலைமையேற்றுப் போன குழு, மாஸ்கோ, ப்ராக், ரோம் என்று சுற்றியது. ரோமில் இருவரும் யார் முதலில் நடப்பது என்று சண்டை போட்டுப் பிரிந்தார்கள். ஸ்பெயினில் குழுவினர் சிலர் கத்தோலிக்கராகி அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான உருஜ் பேக், பாரசீகத்தின் தோன் ஹுவான் என்ற பெயரில் 1604-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். வெளியே போன தூதுகளைக் கொண்டு அளந்தால் இது தோல்விதான். உள்ளே வந்தவர்களை வைத்து என்ன செய்தார் என்பதில் கணக்கு மாறுகிறது. போர்ச்சுகீசியரோடு பேசிக்கொண்டே ஆங்கிலேயக் கம்பெனிக்கு 1617-ல் வணிக அனுமதி கொடுத்தார். 1622-ல் அதே கம்பெனியின் கப்பல்களைக் கொண்டு ஹோர்முஸை மீட்டார். அடுத்த ஆண்டே டச்சுக்காரரையும் உள்ளே விட்டு, ஆங்கிலேயர் தலையெடுக்காமல் பார்த்துக்கொண்டார். கடற்படையே இல்லாத ஓர் அரசு, கடலாண்ட ஐரோப்பியரை ஒருவர் மேல் ஒருவர் மோதவிட்டு வளைகுடாவில் தன் துறைமுகத்தை நிலைநிறுத்தியது. மேற்கே, 1612-ல் உதுமானியருக்கு ஆண்டுக்கு 200 சுமை பட்டு தர ஒப்புக்கொண்டவர், 1618-ல் அதைப் பாதியாகக் குறைக்கவைத்தார். அவர் பேரன் காலத்தில், 1639-ல் சுஹாபில் கையெழுத்தான உடன்படிக்கை பாக்தாதை உதுமானியரிடம் விட்டுக்கொடுத்தாலும், எண்பது ஆண்டு அமைதியைத் தந்தது. இன்றைய ஈரான்-ஈராக் எல்லை பெரும்பாலும் அன்று வகுத்த கோட்டை ஒட்டியே போகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இஸ்ஃபஹானைத் தேர்ந்ததற்கு உள்நாட்டு அரசியலே போதுமான காரணம் என்கிறார்கள். கிஸில்பாஷ் தலைவர்களின் பிடியிலிருந்து விலகி, ஜார்ஜியா, ஆர்மீனியா, சர்க்கேசியாவிலிருந்து வந்த அரச அடிமைகளைப் படைக்கும் ஆட்சிக்கும் தலைமையாக்க அப்பாஸுக்குப் புதிய மேடை தேவைப்பட்டது. பாலத்துக்குப் பெயர் தந்த அல்லாவெர்தி கானே ஜார்ஜியாவிலிருந்து வந்தவர்தான். இஸ்ஃபஹானைச் சுற்றியிருந்த நிலமும் அரசுக் கருவூலத்துக்கு நேரடியாக வரி கட்டியது. இவை எல்லாம் சரி. ஆனால், கிஸில்பாஷை அடக்குவதற்கு 560 மீட்டர் சதுக்கம் தேவையில்லை. துறவி மடங்களும் தேவையில்லை. ஆர்மீனிய வணிகர்களுக்குத் தனி நகரமும் தேவையில்லை. உள்நாட்டுக் காரணம் அவரைக் கஸ்வீனிலிருந்து கிளம்பவைத்திருக்கலாம். வந்து சேர்ந்த இடத்தில் அவர் கட்டியதை அது விளக்காது. புதிய படைக்குச் சம்பளம் பட்டு விற்ற வெள்ளியிலிருந்து வந்தது, பட்டை விற்கக் கடல் வேண்டியிருந்தது, கடலுக்கு ஐரோப்பியரோடு பேச்சு வேண்டியிருந்தது. உள்நாடு, வெளிநாடு என்று நாம் பிரிப்பது அவர் கணக்கில் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

மூன்றாவதாக, அப்பாஸ் இஸ்ஃபஹானில் இருந்த நாள்கள் குறைவு என்று சுட்டிக்காட்டுகிறார்கள். ஆட்சியின் பெரும்பகுதியைப் போர்க்களத்திலும், வேட்டையிலும், காஸ்பியன் கரையில் தான் கட்டிய ஃபரஹாபாத், அஷ்ரஃப் மாளிகைகளிலும் கழித்தார். ஸ்பெயின் தூதர் கார்சியா தே சில்வா 1618-ல் அவரை முதலில் கண்டது கஸ்வீனில். ஆங்கிலத் தூதர் டாட்மோர் காட்டன் 1628-ல் அஷ்ரஃப் வரை போக வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் கஸ்வீனிலேயே இறந்தார். இந்தத் தகவல்களை நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கு இவை உதவவே செய்கின்றன. அரசர் ஊரில் இல்லாமலே ஒரு நகரம் தலைநகராக இயங்கியது என்றால், அங்கே ஓர் ஏற்பாடு வேரூன்றிவிட்டது என்றுதான் பொருள். சில்வா மாதக்கணக்கில் இஸ்ஃபஹானில் தங்கி, வந்துபோகும் செய்திகளை எல்லாம் திரட்டிக்கொண்டிருந்தார். தன் அரசுக்கு அவர் அனுப்பிய மதிப்பீடுகள் அரசரின் முகத்தைவிட நகரத்தின் நிலவரத்தைப் படித்தே உருவானவை.

தூதர் நகரத்தைப் படிக்கிறார் என்பதில்தான் ஆபத்தும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷா சுல்தான் உசேன் காலத்திலும் ஊர்வலம், விருந்து, பரிசு எதற்கும் குறைவில்லை. ஆனால், நெடுங்கால அமைதியில் படை துருப்பிடித்துக் கிடந்தது. சன்னி முஸ்லிம்கள், ஜொராஸ்டிரியர், யூதர், ஆர்மீனியர் என எல்லோர் மீதும் மத நெருக்கடி கூடிக்கொண்டே போனது. கந்தஹார் ஆளுநரான குர்கீன் கான், தனக்குத் தொல்லையாக இருந்த ஆப்கன் கில்ஸாய் தலைவர் மீர் வைஸைப் பிடித்து இஸ்ஃபஹானுக்கு அனுப்பினார். அங்கே மீர் வைஸ் அரசவையில் உலவி, யார் யாருக்குப் பகை, அரசர் எவ்வளவு பலவீனமானவர் என்பதையெல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஷாவின் நம்பிக்கையையும் பெற்று ஊர் திரும்பி, 1709-ல் குர்கீனைக் கொன்று கந்தஹாரைக் கைப்பற்றினார். 1717-ல் ரஷ்யத் தூதர் அர்தேமி வொலின்ஸ்கி இஸ்ஃபஹானில் சில மாதங்கள் தங்கினார். இந்த நாட்டில் பெரும்பகுதியைப் பிடிக்கச் சிறு படையே போதும் என்று மகா பீட்டருக்கு எழுதினார். 1720-21-ல் வந்த உதுமானியத் தூதர் துர்ரி எஃபெந்தியும் இந்த அரசு சரிந்துகொண்டிருக்கிறது என்றே தன் சுல்தானிடம் அறிக்கை கொடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மீர் வைஸின் மகன் மஹ்மூத் 1722 மார்ச் 8-ல் குல்னாபாத்தில் ஷாவின் பெரும்படையை முறியடித்தார். அவர் படை அடுத்துப் புகுந்த இடம் புதிய ஜுல்ஃபா. நூறாண்டுகளாக அரசுக்கு வெள்ளி கொண்டுவந்த அந்தக் குடியிருப்பைக் காக்க அரசவை படை அனுப்பவில்லை. ஏழு மாத முற்றுகையில் இஸ்ஃபஹான் பசியால் செத்தது. நாய், பூனைகளைத் தின்று மக்கள் நாளைக் கழித்தார்கள். அக்டோபரில் சுல்தான் உசேன் தன் தலைப்பாகையின் சிறகணியைத் தானே கழற்றி மஹ்மூதுக்குச் சூட்டினார். அதே ஆண்டு பீட்டரின் படை காஸ்பியன் கரையில் இறங்கியது. 1724-ல் ரஷ்யாவும் உதுமானியரும் இஸ்தான்புல்லில் கையெழுத்திட்டு ஈரானின் வடக்கையும் மேற்கையும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அயலாருக்கு இவ்வளவு வாசல் திறந்து வைத்ததால்தான் இந்தக் கதி என்று ஒருவர் சொல்லலாம். அந்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பாஸ் காலத்திலும் அயலார் இதே வாசலில் நின்று பார்த்தார்கள். அன்று கண்ட வலிமை உண்மையாக இருந்ததால், அவர்கள் எழுதிய அறிக்கை ஈரானுக்குக் காவலாக இருந்தது. சுல்தான் உசேன் காலத்தில் சடங்கை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, அதைத் தாங்கிய படையையும் குடிமக்களின் நம்பிக்கையையும் கைவிட்டார்கள். வாசலை மூடியிருந்தாலும் கந்தஹாரின் கோபம் அடங்கியிருக்காது, ஜுல்ஃபாவின் கசப்பும் மறைந்திருக்காது. மீர் வைஸ் இஸ்ஃபஹானுக்கே வராமல் இருந்தாலும், அவரைக் கிளர்ச்சிக்குத் தள்ளிய ஆளுநரின் கொடுமை கந்தஹாரில்தானே நடந்தது?

இன்று இந்தோனேசியா, எகிப்து என்று பல நாடுகள் புதிய தலைநகர் கட்டுகின்றன. ஈரானிலேயே தெஹ்ரானின் தண்ணீர்ப் பஞ்சம் காரணமாகத் தலைநகரை மாற்றியே ஆக வேண்டும் என்று அதிபர் பெசெஷ்கியான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். தெற்கே மக்ரான் கடற்கரை பரிசீலனையில் இருப்பதாக அவருடைய அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. விவாதத்தில் அதிகம் அடிபடுவது தண்ணீரும் செலவும்தான். ஆனால், மக்ரான் என்பது ஓமன் வளைகுடாக் கரை. இந்தியா பத்தாண்டு ஒப்பந்தத்தில் முனையம் நடத்த 2024-ல் கையெழுத்திட்ட சாபஹார் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. அப்படியொரு மாற்றம் என்றைக்காவது நடந்தால் ஈரானின் தலைநகரம் முதல்முறையாக இந்தியப் பெருங்கடலைப் பார்த்து நிற்கும். அதில் யாரைக் குடியமர்த்துவார்கள், எந்தச் சிறுபான்மையினருக்கு இடம் தருவார்கள், மக்ரானின் பலூச் மக்களை என்ன செய்வார்கள் என்பவை நமக்கும் தொடர்புள்ள கேள்விகள். நம் வெளியுறவுத் துறையும், மேற்காசியா பற்றி எழுதும் பத்திரிகையாளர்களும் இந்தத் திட்டத்தை நகரமைப்புச் செய்தி என்று ஒதுக்கிவிடாமல் கவனிக்க வேண்டும்.